அரை மணி கூட ஆகலை

பெர்மீலியா டாக்கெட்டுக்கு நீச்சல் தெரியாது. மிசிசிப்பி ஆற்றின் ஆர்க்கன்சா கரையில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. நான் கேலி செய்வேன். "கரையில நிக்கறவளுக்கு நீச்சல் எதுக்குடா ஜூபல், நான் என்ன கெளுத்தியா" என்பாள்.

ஜூபல் நான்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் என் குடிசை. தூண்டில் கயிறு போட்டு மீன் பிடிக்கிறவன். படகு வரும்போது டாக்கெட் துறைக்குப் போய் விறகு ஏற்றக் கை கொடுப்பேன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவளுக்குக் குறையாமல் என்னைத் திட்டியிருக்கிறாள்.

அக்காவும் அவள் புருஷன் ஆன்செலும் நீராவிச் சக்கரப் படகுகளுக்கு விறகு விற்றார்கள். கரையில் இரண்டு அடுக்கு இருக்கும். ஒன்று சாதா விறகு, ஆற்றோரத்தில் வெட்டியது, நிதானமாக எரியும். இன்னொன்று மேட்டுக்காட்டிலிருந்து மாட்டு வண்டியில் வரும் பைன் மரத்துப் பிசின் விறகு. அடுப்பில் போட்டால் குபீரென்று பிடிக்கும், புகைபோக்கி வழியாகக் கரும்புகை கக்கும், கொதிகலன் கிடந்து முனகும். விலையும் அதிகம். அவசரமில்லாத கேப்டன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். முன்னால் போகும் படகைப் பிடிக்க வேண்டும் என்று வெறி ஏறியவன்தான் வாங்குவான்.

அந்த வெறியை ஏற்றுவதுதான் அக்காவின் வேலை. அவளுக்குக் குரல் அப்படி. படகு கரையை நெருங்கும்போதே கேப்டன் மேல்தட்டில் நின்று கேட்பான், எனக்கு முன்னாடி இன்ன படகு போச்சே, எப்போ போச்சு என்று. அக்கா இடுப்பில் கை வைத்து ஒரே பதில்தான் சொல்வாள்: "அரை மணி கூட ஆகலை. இப்பதான் வளைவு திரும்பிச்சு. புகை கூட இன்னும் கலையலை பாருங்க." அந்தப் படகு முந்தின நாள் காலையில் போயிருக்கும். இரண்டு கரையிலும் எல்லா விறகுத் துறையிலும் இதே கதைதான். கேப்டன்களுக்கும் இது பொய் என்று தெரியும். தெரிந்தும் அவர்கள் மூளை சூடாகிவிடும். பாதித் தட்டு பிசின் விறகால் நிரம்பிவிடும்.

பாவமில்லையா அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "நான் விறகு விக்கறேன், வேதமா சொல்றேன்" என்றாள்.

போன படகுகளில் சில, வழியில் கொதிகலன் வெடித்து, போய்ச் சேரவில்லை. அப்படிப்பட்டவற்றின் சாமான்கள் எங்கள் மணல்திட்டில் ஒதுங்கும். டாக்கெட் வீட்டுக் கதவே அப்படி வந்ததுதான். வெள்ளைச் சாயம் பூசி, தங்க நிறத்தில் எண் எழுதிய படகு அறைக் கதவு, கீழ் ஓரம் கருகியிருக்கும். முகம் கழுவும் பீங்கான் கிண்ணமும், வெல்வெட் போட்ட ஒரு நாற்காலியும் அதே வழியில் வந்தவை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எத்தனையோ நாள் காப்பி குடித்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு உறுத்தவில்லை. அக்காவுக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. "விறகுதான் நாம குடுத்தோம். வேகம் வேணும்னு ஆவி போற வழிய நாமளா அடைச்சு வச்சோம்" என்பாள். ஆனால் ஒன்று, தன் வாழ்நாளில் எந்தச் சக்கரப் படகிலும் கால் வைப்பதில்லை என்று உறுதியாக இருந்தாள்.

அந்த உறுதியை உடைத்தது அவள் மகள் ஓர்லீனா. அவளை ஹெலினா ஊருக்குக் கீழே இன்னொரு விறகுத் துறைக்காரனான பாஸ் என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு குழந்தையும் பிறக்கும்போதே போய்விட்டன. இப்போது மூன்றாவது. ஆற்றில் மேலே போன படகில் வேலை பார்த்த ஒருத்தன் எங்கள் கரையில் இறங்கிச் செய்தி சொன்னான்: குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம், அங்கே இருக்கிற மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம், அம்மா வந்து திருப்பிவிட்டால்தான் உண்டு என்று ஓர்லீனா அழுகிறாளாம்.

குறுக்கே கிடக்கிற குழந்தையை வெளியிலிருந்தே தடவித் திருப்பும் கை அக்காவுக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த பாதிப் பேர் அந்தக் கையில் பிறந்தவர்கள்தான். அவள் அடுப்பிலிருந்த சோள ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பெட்டிய எடுங்க கிழவனாரே" என்றாள் ஆன்செலிடம்.

பெட்டியும் ஆறு கொடுத்ததுதான். பித்தளைப் பூட்டுப் போட்ட நல்ல தோல் பெட்டி, மூடியில் யாரோ ஒருவருடைய முதலெழுத்துகள். அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்தாள், போகவில்லை. எழுத்து தெரியாதபடி மேலே ஒரு துணியைக் கட்டிவிட்டாள். உள்ளே இரண்டு கவுன், விளக்கெண்ணெய், சுத்தமான பழந்துணி, உப்புப் போட்ட பன்றிக்கறி.

அடுத்து எந்தப் படகு என்ற கேள்வி. 'எம்' என்ற இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் பெயர் கூடாது. அது ஆற்றில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அந்த எழுத்துப் படகுகள் முழுகும். பாதிரியார் ஏறின படகும் கூடாது, வெள்ளைக் குதிரை ஏறின படகும் கூடாது, இரண்டும் சேர்ந்து ஏறினால் அந்தப் பக்கமே போகக் கூடாது. இந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துச் சபைகளைச் சுற்றி வரும் பாதிரியார் லோமாக்ஸ் வந்து, ஒரு பெண் தனியாகப் போவது சரியில்லை, நான் துணைக்கு வருகிறேன் என்றார்.

"நீங்க வராம இருக்கறதுதான் எனக்குத் துணை" என்றாள் அக்கா.

"சகோதரி, இது அஞ்ஞானம்."

"இருக்கட்டும். உங்க குதிரை என்ன நிறம்?"

அவர் குதிரை வெள்ளைதான். மனிதர் கோபித்துக்கொண்டு காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மிதக்கச் சொல்லிக் கொடு என்றாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் துணி துவைக்கும் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் காலை உதைத்த உதையில் ஒரு வாரத்துக்கு அங்கே எனக்கு மீன் விழவில்லை. "கால நீட்டி உதை அக்கா, சேறு மிதிக்கிற மாதிரி இல்ல" என்றால், "உன் வாய மூடுடா, வாய்க்குள்ள தண்ணி போகுது" என்பாள். யார் வாய்க்குள் என்று நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவன், ஒரு கட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டே இல்லை அதில். தொட்டியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

மறுநாள் என் தூண்டில் கயிற்றுத் தக்கைகளைக் காணோம். எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தன் உள்பாவாடையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். தக்கை இல்லாமல் நான் எப்படிப் பிழைப்பது என்றேன். "நீ கரையில தானடா இருக்கப் போற" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

கொரின்னா பெல் என்ற படகு வந்தது ஒரு பிற்பகலில். பெயரில் எம் எழுத்து இல்லை. நான் ஏறிப் பார்த்தேன், பாதிரியாரும் இல்லை, குதிரையும் இல்லை. பெண்களுக்கான அறைகள் பின்பக்கம், கொதிகலன்களுக்கு ரொம்ப தூரம். அக்கா பாவாடைக்குள் தக்கைகள் ஒன்றோடொன்று இடிக்க, பலகை வழியாக ஏறினாள். நேராக அறைக்குப் போனவள் முதலில் கதவைத் தட்டிப் பார்த்தாள். நல்ல மரம் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் இறங்கி வந்து விறகு தூக்கினேன்.

கேப்டன் மேல்தட்டில் நின்றிருந்தான். வழக்கம்போலக் கேட்டான்: "நெட்டி கார்வர் எப்போ போச்சு?"

நெட்டி கார்வர் முந்தின நாள் மத்தியானமே போய்விட்டது. இந்த நேரம் ஹெலினாவையே தாண்டியிருக்கும். ஆனால் கரையில் அக்கா இல்லை. ஆன்செல் மட்டும் நின்றான். ஊமை மாதிரி இருக்கிற மனிதன், கல்யாணமான நாள் முதல் படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாம் அவள்தான். பெண்டாட்டி ஊருக்குப் போகிறாள், துறையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. இடுப்பில் கை வைத்தான். அவள் நிற்கிற மாதிரியே நின்றான்.

"அரை மணி கூட ஆகலைங்க. இப்பதான் வளைவு திரும்பிச்சு. புகை கூட இன்னும் கலையலை."

நான் தோளில் இருந்த விறகோடு அப்படியே நின்றுவிட்டேன். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். "பிசின் விறகு எல்லாத்தையும் ஏத்து" என்று கீழே கத்தினான்.

பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற நாய்கூடத் தலை தூக்கும். "கேப்டன், அது பொய். நெட்டி கார்வர் நேத்தே போயிருச்சு. பிசின் விறகு வேணாம்."

கேப்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எத்தனை வருஷமா இந்தக் குரலைக் கேக்கறேன். அரை மணின்னு எங்கிட்டச் சொன்னது இதே குரல்தானேம்மா. இன்னைக்கு நீ ஏறியிருக்க, பயமா இருக்கு, அதனால நேத்துங்கற. எது பொய்னு எனக்குத் தெரியாதா."

"சத்தியமா நேத்துதான். கிழவனாரே, சொல்லுங்க அவர்கிட்ட."

ஆன்செலுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஆமாங்க, நேத்துதாங்க, நான் சும்மா சொன்னேன்" என்று உளறினான். விறகு தூக்குகிறவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்றான் ஒருத்தன். கரையிலிருந்த பிசின் விறகு அடுக்கு முழுக்கப் படகுக்குள் போனது. அது போதாமல் மேட்டிலிருந்து வந்து நின்ற இரண்டு வண்டியையும் காலி செய்யச் சொன்னான் கேப்டன். அதற்கு மட்டும் ஆன்செல் வண்டிக்கு முன்னால் படுத்துக்கொண்டான். நேரமாகிறது, விடு என்று போய்விட்டார்கள்.

"இறங்கிரு அக்கா" என்றேன் நான், பலகைக்குப் பக்கத்தில் நின்று. "பயந்தா இறங்கிக்கம்மா" என்று கேப்டனும் மேலேயிருந்து சொன்னான், கொஞ்சம் நல்லவிதமாகவே.

அவள் பலகையைப் பார்த்தாள். நான் நிச்சயம் இறங்குவாள் என்றுதான் நினைத்தேன்.

"குறுக்க கிடக்கற புள்ள அடுத்த படகு வரைக்கும் இருக்குமாடா" என்றாள். "போ. அவரப் பாத்துக்க." பலகையை இழுத்துவிட்டார்கள்.

இரண்டு சக்கரமும் தண்ணீரை வாரி இறைத்தன. கரும்புகை எங்கள் வளைவு முழுக்கக் கவிந்தது. முன்னால் எந்தப் படகும் இல்லாத ஆற்றில் கொரின்னா பெல் ஓடத் தொடங்கியது. ஆன்செல் என் துடுப்புப் படகின் கயிற்றை அவிழ்த்தான். வேண்டாம், ஒன்றும் ஆகாது, வீணாக ஏன் என்று நான் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். புகையைப் பார்த்துக்கொண்டே தள்ளினோம். அது வளைவு தாண்டி, தீவு தாண்டி, மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு புகை வெள்ளையாகிவிட்டது. கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது.

நாங்கள் பார்த்ததை எல்லாம் எழுத மாட்டேன். வெந்நீர் பட்ட மனிதர்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்கட்டும். ஆன்செல் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போனோம். ஒரு வெள்ளைக் கதவின் மேல் கிடந்தாள், பாவாடை அவளைச் சுற்றி ஊதிப்போய் நின்றது. தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கத்தவில்லை. தண்ணீரில் கிடந்தவர்களைத் தன் பக்கம் வரச்சொல்லிக் கத்தினாள். கதவின் ஓரத்தை நாலு பேர் பிடித்திருந்தார்கள். அவளைத் தூக்கியதும் முதலில் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"கைக்கு ஒண்ணும் ஆகலடா" என்றாள். அதற்குள்ளேயே குரல் கீறல் விட்டிருந்தது. இருட்டும்வரை எங்கள் படகின் முனையில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கரைக்கு வந்தபோது அவள் குரலில் காற்றுதான் மிச்சம் இருந்தது.

ஆன்செல் காப்பாற்றிய அந்த இரண்டு வண்டிப் பிசின் விறகையும் தீவுக்குக் கீழே ஓட்டிவரச் செய்து கரையில் குவித்துக் கொளுத்தினோம், வெளிச்சத்தைப் பார்த்து நீந்தி வருகிறவர்கள் வரட்டும் என்று. சிலர் வந்தார்கள்.

காலையில் ஒரு கிழட்டுப் பஞ்சு மூட்டைப் படகு வந்தது. சேதத்தைக் கேள்விப்பட்டு, பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டது. அக்கா எழுந்து நின்றாள். எங்கே என்று ஆன்செல் கேட்டான். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பெட்டி ஆற்றோடு போய்விட்டது, வந்த வழியிலேயே திரும்பிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாதவளைத் தனியாக விடக்கூடாது என்று நானும் ஏறினேன். அந்தப் படகு எங்கள் துறையில் சாதா விறகு மட்டும்தான் ஏற்றியிருந்தது. என் தக்கைகளைத் தைத்த பாவாடை காயாமல் அவள் மேலேயே இருந்தது.

நாங்கள்தான் அந்த வழியில் கீழே போகிற முதல் படகு. உடைந்தவை எல்லாம் இருட்டிலேயே மிதந்து போயிருக்க வேண்டும், கீழே யாருக்கும் எதுவும் தெரியாது, கொரின்னா பெல் வருகிற நாள் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். முதல் விறகுத் துறையை நெருங்கினோம். எங்கள் கேப்டன் எதுவும் கேட்கவில்லை. கரையிலிருந்த கிழவன் தானாகவே வாயைத் திறந்தான்.

"கொரின்னா பெல் இப்பதான் போச்சுங்க. அரை மணி கூட ஆகலை. பிசின் விறகு ஏத்துங்க, பிடிச்சிரலாம்."

தட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கிழவனையே பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த துறையில் ஒரு தடித்த ஆள், கொரின்னா பெல் புகை இதோ தெரிகிறது என்று கீழே கையைக் காட்டினான். அதற்கடுத்த துறையில் இரண்டு பெண்கள் சேர்ந்து கத்தினார்கள். அரை மணி, அரை மணி என்றே சொன்னார்கள் எல்லோரும். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்காரலாம் வா என்று கையைப் பிடித்தேன், வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் பாஸின் துறை வந்தது. கரையில் பெரிய வயிறோடு ஒருத்தி நின்றாள். வலி எடுத்திருக்க வேண்டும், ஒரு கையை விறகு அடுக்கில் ஊன்றியிருந்தாள். இன்னொரு கை இடுப்பில். அம்மா எந்தப் படகில் வருவாள் என்று அவளுக்குத் தெரியாது. கம்பளி போர்த்திய கூட்டத்தில் அவள் எங்களை அடையாளம் காணவும் இல்லை. அவள் வாயைத் திறந்ததும் அக்காவின் பழைய குரல் வந்தது, அப்படியே, முழுசாக.

"கொரின்னா பெல் போயி அரை மணி கூட ஆகலைங்க. இப்பதான் வளைவு திரும்பிச்சு. புகை கூட இன்னும் கலையலை பாருங்க."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சொல்லுடா" என்றாள், மூச்சில்.

"ஓர்லீனா, அது போகலம்மா" என்று கத்தினேன்.

"யாருய்யா அது, என் கண்ணால பாத்தேன்கறேன்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. "எனக்கேவா கதை விடறீங்க." அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தாள். எரிந்த புருவத்தையும், சாம்பல் ஒட்டிய முடியையும், தட்டில் படுத்துக் கிடந்தவர்களையும் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது.

பலகை கரையைத் தொடும் முன்பே அக்கா இறங்கிவிட்டாள். மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அந்த வயிற்றில் வைத்துத் தலை எங்கே இருக்கிறது என்று தேடினாள். உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நானும் பாஸும் வாசலில் நின்றோம். விளக்கெண்ணெய் கொண்டுவா, வெந்நீர் கொண்டுவா என்று கையைக் காட்டிக் காட்டித்தான் கேட்டாள். ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் தலைதான் முதலில் வந்தது.

பெண் குழந்தை. அது அழுத அழுகை கரையில் நின்ற படகு வரைக்கும் கேட்டது. படகிலிருந்து யாரோ கை தட்டினார்கள். பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாச்சி குரல் அப்படியே வந்திருக்கு. இது நின்னு கூப்பிட்டா ஆத்துல ஒரு படகு தாண்டாது" என்றான். ஓர்லீனாகூடச் சிரித்தாள்.

அக்கா குழந்தையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது விடாமல் கத்தியது. அவள் உள்ளங்கை குழந்தையின் வாயருகே போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, துணியால் அதன் முகத்தைத் துடைத்தாள்.